கேஸா, பெட்ரோலா? கேம்பிங் ஜெனரேட்டர் வாங்கியவன் கணக்கு

2025 ஈஸ்டர் சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் நான் ஜெனரேட்டரின் கயிற்றை நாற்பதாவது முறையாக இழுத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள்தான் டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலில் பெரிய வெள்ளியன்று நடக்கும் திருவிழா. வெயிலில் நின்ற அலுப்பு உடம்பில் அப்படியே இருந்தது. பின்னால் நாற்காலியில் மாமியார். அவர் பக்கத்தில் சின்ன ஃப்ரிட்ஜ். அதற்குள் அவருடைய இன்சுலினும், மசாலா தடவிய மூன்று கிலோ ஆட்டுக்கறியும். "மெதுவா இழுங்க மாப்ள, தோள் பிசகிக்கப் போவுது" என்றார். மெஷின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

பக்கத்து டென்ட்காரர் ஐஸ் கொடுத்தார், இன்சுலின் தப்பியது. கறி முழுவதையும் அன்றிரவே சமைத்துத் தீர்த்தோம். டர்பன் திரும்பி இரண்டு மாதத்தில், கேஸிலும் பெட்ரோலிலும் ஓடக்கூடிய ஒன்றை வாங்கி, கேஸில் மட்டுமே ஓட்டுகிறேன். ஆகவே இதில் நடுநிலைமையைத் தேடாதீர்கள். நான் கேஸ் கட்சி.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். அமெரிக்கக் காணொளிகளில் 'புரொப்பேன்' என்றே பேசுவார்கள். தென்னாப்பிரிக்காவில் நாம் நிரப்பி வாங்குவது எல்.பி.ஜி., அதாவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. வீட்டு அடுப்புக்கு இந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது. மலையில் செய்யும். அதைப் பிறகு சொல்கிறேன்.

சத்தத்தில் பெரிய வேறுபாடு இல்லை, என்ஜின் ஒன்றுதான். (பல கேம்ப்களில் ஜெனரேட்டருக்கே அனுமதி கிடையாது, சிலவற்றில் நேரக் கட்டுப்பாடு உண்டு. புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.) விலையும் ஒரு காரணமாக எனக்குப் படவில்லை. பெட்ரோல், கேஸ் இரண்டுக்கும் மாதத்தின் முதல் புதன்கிழமை அரசு நிர்ணயிக்கும் விலை மாறும். ஒரு மாதம் இது மலிவாகத் தெரியும், மறுமாதம் அது. வருடத்துக்கு ஐந்தாறு முறை வெளியே போகிறவனுக்கு அந்த வித்தியாசம் ஒரு பை கரிக்கு ஆகும்.

சக்தியில் பெட்ரோல் முன்னால் நிற்கிறது. ஒரே மெஷின் கேஸில் ஓடும்போது சுமார் பத்து சதவீதம் குறைவாகத் தரும். மலை ஏறினால் இன்னும் குறையும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் மூன்று, மூன்றரை சதவீதம் என்று கணக்கு வையுங்கள். இது இரண்டு எரிபொருளுக்கும் பொது. கடல் மட்டத்தில் 2000 வாட் தருகிற என் மெஷின், 1400 மீட்டர் உயரத்தில் கேஸில் ஏறத்தாழ 1500 வாட்தான். ஃப்ரிட்ஜ், நாலு விளக்கு, போன் சார்ஜர், எல்லாவற்றுக்கும் மேலாக மாமியாரின் மிக்ஸி: இவ்வளவுக்கு அது போதும். மலைக்குப் போயும் தேங்காய்ச் சட்னி அரைத்தே ஆக வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மின் கெட்டில் போட்டால் மட்டும் மெஷின் படுத்துவிடும். தண்ணீரை அடுப்பில் வையுங்கள்.

சரி, என்னைக் கேஸ் பக்கம் தள்ளிய விஷயத்துக்கு வருகிறேன். ஜெனரேட்டர் ஓடும்போது எது நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேம்பிங் ஜெனரேட்டர் ஓடுவது வருடத்தில் பத்து நாள். மீதி நாளெல்லாம் கராஜில் தூங்குகிறது. அந்தத் தூக்கத்தில்தான் பெட்ரோல் மெஷினைக் கெடுக்கிறது.

என் பழைய மெஷினின் கதையையே பாருங்கள். 2022இல் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, ஆறாம் கட்டத்துக்குப் போனபோது (கட்டம் ஏற ஏற வெட்டும் கூடும்) அவசரமாக வாங்கியது. 2023 முழுக்கக் கிட்டத்தட்ட தினமும் மின்வெட்டு, மெஷினும் தினமும் ஓடியது. டேங்கில் ஒரு வாரத்துக்கு மேல் பழைய பெட்ரோல் நின்றதே இல்லை. ஒருநாள்கூட மக்கர் செய்யவில்லை. அப்புறம் 2024 மார்ச் கடைசியில் லோட் ஷெட்டிங் நின்றது. அதற்குள் வீட்டுக்கு இன்வெர்ட்டரும் வந்துவிட்டது. சந்தோஷத்தில் ஜெனரேட்டரைப் பாதி டேங்கோடு கராஜ் மூலையில் தள்ளி, மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் அதைத் தொடவே இல்லை. நாட்டுக்கு நல்ல காலம் பிறந்ததும் மெஷினுக்குக் கெட்ட காலம் பிறந்துவிட்டது.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன், பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றிக் காட்டினார். மஞ்சளும் பச்சையுமாக, காய்ந்த பசை மாதிரி ஒரு படலம். பழைய பெயின்ட் டப்பாவின் வாடை. பெட்ரோலில் இருக்கிற லேசான பொருள்கள் முதலில் ஆவியாகிப் போய்விடும். அவைதான் என்ஜின் சட்டென்று பற்றிக்கொள்ள உதவுபவை. மிஞ்சுவது காற்றோடு சேர்ந்து பிசினாகும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட் துளை ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறியது. அதை அடைக்க எவ்வளவு பிசின் வேண்டும்? சிலருக்கு இரண்டு மூன்று மாதத்திலேயே இது நடந்துவிடுகிறது.

தடுக்க முடியாதா என்றால், முடியும். பயணம் முடிந்ததும் எரிபொருள் குழாயை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். கிண்ணத்தின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி மிச்சத்தை வடிக்க வேண்டும். டேங்கைக் காலி செய்ய வேண்டும், அல்லது பெட்ரோல் கெடாமலிருக்க விற்கிற மருந்தைக் கலக்க வேண்டும். அதோடு மாதம் ஒருமுறை ஏதாவது லோடு கொடுத்து அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு சாயங்காலம் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி, ஈரக் கூடாரத்தைக் காயப்போட்டு, பிள்ளைகளைக் குளிக்கவைத்த பிறகு கார்புரேட்டர் வடிக்கப் போகிற ஆள் நான் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கேஸில் இந்தத் தொல்லை கிடையாது. இரும்புச் சிலிண்டருக்குள் அது ஒரு வருடம் இருந்தாலும், ஐந்து வருடம் இருந்தாலும் அதே கேஸ்தான். வால்வை மூடிக் குழாயைக் கழற்றினால் வேலை முடிந்தது. என்ஜின் ஆயிலும் சீக்கிரம் கறுப்பதில்லை. ஆனால் ஆயில் மாற்றாமல் இருக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள், இத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு வந்தால் மாற்றத்தான் வேண்டும். ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்து வெடிப்பு இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் பராமரிப்பு. இரண்டிலும் ஓடும் மெஷினை வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 'சும்மா ஒரு தடவை' என்று பெட்ரோல் ஊற்றினீர்களானால், மேலே சொன்ன சடங்கு முழுவதும் உங்களுக்கும் வரும். என்னுடையதன் டேங்க் இன்றுவரை பெட்ரோலைப் பார்த்ததில்லை.

இப்போது கேஸ் என்னைக் கவிழ்த்த கதை. 2025 ஜூலை, பள்ளி விடுமுறை, அதே மலை. விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனி. மெஷின் கிளம்பிப் பத்து நிமிடம் ஓடியது, அப்புறம் மூச்சு வாங்கி நின்றது. பார்த்தால் சிலிண்டரின் கீழ்ப்பாதி வெள்ளையாகப் பூத்திருக்கிறது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகும். பியூட்டேனுக்குச் சுமார் பூஜ்யம் டிகிரியாவது வேண்டும். திரவம் ஆவியாக ஆகச் சிலிண்டர் தன்னைத் தானே இன்னும் குளிர வைத்துக்கொள்கிறது. போதாததற்குப் புரொப்பேன்தான் முந்திக்கொண்டு வெளியேறும். சிலிண்டர் தீரும் தறுவாயில் உள்ளே அதிகம் கிடப்பது பியூட்டேன். அமெரிக்கக் காணொளியில் பனியில் ஜம்மென்று ஓடுகிற ஜெனரேட்டர் இங்கே திணறுவதற்கு இதுதான் காரணம்.

நான் கொண்டுபோயிருந்தது 3 கிலோ சிலிண்டர். அதை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய பேசினில் நிறுத்தினேன், ஓடியது. வெந்நீர் கூடாது, நெருப்பு கிட்டவே வரக் கூடாது. அடுத்த முறையிலிருந்து 9 கிலோ சிலிண்டர்தான். பரப்பு அதிகம், அவ்வளவு சீக்கிரம் குளிர்ந்துபோகாது. ஒரு விஷயம்: 9 கிலோவின் வாய் வேறு, சின்ன கேம்பிங் சிலிண்டரின் வாய் வேறு. அதற்கேற்ற ரெகுலேட்டரைக் கடையிலேயே பொருத்திப் பார்த்து வாங்குங்கள். 9 கிலோவின் மரை எதிர்த் திசை, இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். முதல் நாள் இது தெரியாமல் நான் பட்ட பாடு தனிக்கதை.

ஒரு 9 கிலோ சிலிண்டர், தினம் ஐந்தாறு மணி நேரம், குறைந்த லோடில் எங்களுக்கு நாலு இரவு வந்தது. எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் பார்க்க முடியாது என்பது உண்மைதான். காலிச் சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும், கிளம்புமுன் தராசில் நிறுத்திக் கழித்துக்கொள்கிறேன். பெட்ரோல் மெஷினின் சின்ன டேங்கோ ஒரு ராத்திரிக்குள் தீர்ந்துவிடும். சூடான என்ஜினை ஆறவிட்டு, இருட்டில் டார்ச் பிடித்து ஊற்ற வேண்டும்.

வழியில் தீர்ந்துபோனால் நிலைமை தலைகீழ். பெட்ரோல் பங்க் ராத்திரியிலும் திறந்திருக்கும். சின்ன ஊர்களில் கேஸ் கடை சனிக்கிழமை மதியத்தோடு சரி. ஒருமுறை எஸ்ட்கோர்ட்டில் பூட்டிய கடை முன்னால் நின்றிருக்கிறேன். ஆனால் பெட்ரோலும் எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 2021 ஜூலையில் இங்கே நடந்த கலவரத்தின்போது பெட்ரோலைக் கேனில் விற்கவே அரசு தடை போட்டது. அந்த வாரம் கராஜில் கேஸ் வைத்திருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். அப்புறம் பெட்ரோல் வாடை. பக்கியின் பின்னால் கேன் மூடி சற்றுத் தளர்ந்ததில் ஒரு அரிசி மூட்டையே போனது எனக்கு. (இங்கே பக்கி என்றால் பின்னால் சாமான் ஏற்றும் வண்டி. ஊரிலிருந்து வந்த புதிதில் யாரைத் திட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன்.)

ஆபத்து இரண்டிலும் உண்டு. கேஸ் 'சுத்தமாக' எரிகிறது என்று நம்பிக் கூடார வாசலில் வைக்காதீர்கள். வாடையில்லாத கார்பன் மோனாக்சைடு அதிலும் வரும். நான் குறைந்தது இருபது அடி தள்ளி, காற்று எங்களிடமிருந்து விலகிப் போகும் பக்கத்தில் வைக்கிறேன், தூங்கும்போது அணைத்துவிடுகிறேன். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். ஆகவே மேடான இடமாகப் பார்த்து வைத்து, மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

என் கேஸ் மெஷின் இதுவரை ஐந்து பயணம்தான் வந்திருக்கிறது, நூறு மணி நேரம்கூட ஓடவில்லை. பத்து வருடம் கேஸில் ஓடிய வால்வு எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். வாரம் தவறாமல் மெஷின் ஓட்டுகிறவர்கள், கட்டடத் தளத்துக்குக் கொண்டுபோகிறவர்கள், உறைபனிக் காலத்திலேயே மலைக்குப் போகிறவர்கள் என்றால் பெட்ரோலையே வாங்குங்கள் என்பேன்.

பழைய மெஷினை மெக்கானிக் அண்ணன் சுத்தம் செய்து தந்ததும் மச்சான் வாங்கிக்கொண்டான். மாதம் பிறந்ததும் முதல் சனிக்கிழமை அரை மணி நேரம் ஓட்டுவேன் என்று அக்காவிடம் சத்தியம் செய்துவிட்டுப் போனான். போன மாதம் விசாரித்தேன். "நல்லா இருக்கு மச்சான், போர்வை போட்டு மூடி வச்சிருக்கேன்" என்றான்.