டுத்தியூவின் பாசூன் படைப்பு: சராபாந்தும் கோர்த்தேஜும்

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஆன்ரி டுத்தியூ, பாசூன் என்ற காற்றுக்கருவிக்கும் பியானோவுக்கும் எழுதிய ‘சராபாந்தும் கோர்த்தேஜும்’ 1942-இல் ஒரு தேர்வுக்காகப் பிறந்தது. பாரிஸின் இசைக் கல்லூரியான கன்சர்வத்துவாரின் அப்போதைய இயக்குநர் குளோத் தெல்வன்கூர், காற்றுக்கருவி மாணவர்களின் திறமையைக் கடுமையாகச் சோதிக்கவும் இளம் இசையமைப்பாளர்களுக்கு வாய்ப்பளிக்கவும் புதிய படைப்புகளை எழுதச் சொன்னார். அந்த வரிசையில் புல்லாங்குழலுக்கான சொனாத்தினும் (சிறிய சொனாட்டா) ஓபோ என்ற காற்றுக்கருவிக்கான சொனாட்டாவும் (பல பகுதிகள் கொண்ட கருவியிசைப் படைப்பு) டுத்தியூவிடமிருந்து பின்னால் வந்தன. 1948-ஆம் ஆண்டுப் பியானோ சொனாட்டாவையே தம் முதல் படைப்பாகக் கொண்ட அவர், அதற்கு முன் எழுதியவற்றைப் பிற்காலத்தில் பெரும்பாலும் ஒதுக்கிவைத்தார். இந்தப் பாசூன் படைப்பைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு மிகக் கடுமையானது என்பதே என் உறுதியான எண்ணம்.

பாசூன் என்பது ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமுள்ள குழாயை மடித்துச் செய்த மரக்கருவி; நாகஸ்வரத்தின் சீவாளியைப் போல இதற்கும் இரட்டை நாணலே ஒலியின் பிறப்பிடம். மூன்று ஸ்தாயிகளைத் தாண்டும் இதன் வீச்சில் கீழ்ப்பகுதி கனத்தும் மேற்பகுதி மெலிந்து ஏங்குவதாகவும் ஒலிக்கும். வாத்தியக் குழுவில் பெரும்பாலும் அடித்தளத்துக்கோ வேடிக்கைக்கோ பயன்படும் இக்கருவியிடம் டுத்தியூ நீண்ட மூச்சில் பாடும் குரலைக் கேட்டிருக்கிறார். மூன்று எண்ணிக்கையில் மெதுவாக நடக்கும் பழைய நடன வடிவமான சராபாந்தில் அந்தக் குரல் அவசரமின்றி விரிகிறது. பியானோவின் சுரக்கூட்டுகள் அதன் கீழே நிறம் மாறிக்கொண்டே இருப்பதால், எளிய மெட்டு ஒன்று திரும்பத் திரும்பப் புது வெளிச்சம் பெறுகிறது. மூத்த பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் சாயல் இங்கே தெரிகிறது என்றாலும், சோகத்தை அலங்கரிக்காமல் அப்படியே நிற்கவிடும் துணிவு அந்த இருபத்தாறு வயது இளைஞருக்கே உரியது. எட்டு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் இப்படைப்பில் நான் மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்வது இந்தப் பகுதிக்குத்தான்.

ஊர்வல நடையில் அமைந்த கோர்த்தேஜ் சுறுசுறுப்பானது, கேட்க மகிழ்ச்சியானது. ஆனால் இங்கேதான் தேர்வின் தேவை வெளியே தெரிகிறது. துள்ளும் சுரங்கள், பெரும் தாவல்கள், தனி ஆலாபனை போன்ற கதேன்சா ஆகியவை வாசிப்பவரின் விரலையும் நாவையும் சோதிக்கின்றனவே தவிர, சராபாந்து திறந்துவைத்த உணர்வை ஆழப்படுத்துவதில்லை.

பாரிஸின் லெதுக் பதிப்பகம் வெளியிட்ட இசைப்பிரதியை வாங்குபவர்கள் பியானோ பகுதியை வெறும் பக்கவாத்தியமாக எண்ணிவிடக் கூடாது. அதற்கும் தேர்ந்த கைகள் வேண்டும். பதிவுகளில் கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன். பியானோவைத் தொலைவில் அமுக்கிவைத்த பதிவைத் தவிர்த்து, இரண்டு கருவிகளும் சம நெருக்கத்தில் ஒலிப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில்தான் சராபாந்தின் சுரக்கூட்டுகள் முழுமையாகக் கேட்கும்.