ஹன்டரா, ஜென்ட்டியா? 2024 ஹைஸ்மன் கோப்பையைத் திரும்ப எண்ணிப் பார்க்கலாம்

2024 டிசம்பர் 14 அன்று நியூயார்க்கில் ஹைஸ்மன் கோப்பையைக் கையில் வாங்கியவர் கொலராடோ பல்கலைக்கழகத்தின் டிராவிஸ் ஹன்டர். இரண்டாம் இடம் பாய்ஸி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்ட்டிக்கு. ஹன்டருக்கு 2231 புள்ளி, ஜென்ட்டிக்கு 2017. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு தனி ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் விருதுகளில் இதற்கு மேல் ஒன்று கிடையாது. 1935இல் இருந்து கொடுத்து வருகிறார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் சண்டைதான். ஆனால் 2024 சண்டை கொஞ்சம் தனி ரகம், ஏனென்றால் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

ஓட்டுக் கணக்கிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் பத்திரிகை, தொலைக்காட்சிக்காரர்கள்; கூடவே, உயிரோடு இருக்கும் பழைய வெற்றியாளர்கள் எல்லாரும். ரசிகர்களுக்கு எல்லாருமாகச் சேர்த்து ஒரே ஒரு ஓட்டு. ஒவ்வொருவரும் மூன்று பெயர் எழுதலாம். முதல் பெயருக்கு 3 புள்ளி, அடுத்ததற்கு 2, மூன்றாவதற்கு 1. ஹன்டரை முதலில் எழுதியவர்கள் 552 பேர், இரண்டாவதாக 262, மூன்றாவதாக 51. ஜென்ட்டிக்கு அதே வரிசையில் 309, 517, 56. இப்போது புள்ளியை விட்டுவிட்டுத் தலையை மட்டும் எண்ணுங்கள். ஹன்டர் பெயர் 865 சீட்டுகளில் இருக்கிறது, ஜென்ட்டி பெயர் 882இல். தோற்றவர் பெயர் 17 சீட்டுகளில் கூடுதலாக இருக்கிறது! ஹன்டரை முதல் மூன்று பேருக்குள்கூட வைக்க மனமில்லாதவர்கள், ஜென்ட்டியை அப்படித் தள்ளியவர்களைவிட அதிகம். ஜென்ட்டி விஷயத்தில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை, முதலா இரண்டா என்பதுதான் கேள்வி. ஹன்டரைத்தான் எப்படி அளப்பது என்று ஒரு கூட்டத்துக்குப் பிடிபடவே இல்லை.

ஏன் பிடிபடவில்லை என்று புரிய, ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. இது காலால் உதைக்கும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதும் எறிவதும் பிடிப்பதும்தான் ஆட்டம். களத்தில் பக்கத்துக்கு 11 பேர். பந்து நம்மிடம் இருக்கும்போது ஆடும் 11 பேர் வேறு, எதிரணியிடம் இருக்கும்போது தடுக்கும் 11 பேர் வேறு. பந்து கைமாறியதும் ஒரு கூட்டம் பெஞ்சுக்குப் போகும், இன்னொன்று உள்ளே வரும். நம்மூர்க் கபடியில் பாடிப் போகிறவனே திரும்பி வந்து பிடிக்கவும் நிற்பான். இங்கே அந்தப் பழக்கம் பெரிய கல்லூரிகளில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒழிந்துவிட்டது. பயிற்சி, உடல்வாகு, படிக்க வேண்டிய பாடம் எல்லாமே தனித்தனி. அப்படிப்பட்ட ஆட்டத்தில் கபடிக்காரனாக நின்றவர் ஹன்டர். ஆட்டத்தில் ஒரு வேலையை மட்டும் எடுத்து அதன் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஜென்ட்டி.

ஜென்ட்டி: கையைத் தொங்கவிட்டு நிற்கிறவர்

முதலில் ஜென்ட்டி, ஏனென்றால் அவர் கணக்கு நேரானது. ரன்னிங் பேக் என்றால் பந்தை வாங்கிக்கொண்டு ஆள்கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவர். அவர் நிற்கும் அழகை ஒருமுறை பார்த்தால் மறக்காது. மற்ற ஓட்டக்காரர்கள் முழங்காலில் கை ஊன்றி, குனிந்து, பாய்வதற்குத் தயாராக இருப்பார்கள். ஜென்ட்டி நேராக நிமிர்ந்து, இரண்டு கையையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நிற்பார். உயரம் 5 அடி 9 அங்குலம்தான். பந்து கைக்கு வந்த அடுத்த நொடி, முதலில் பிடிக்க வந்தவர் தரையில் கிடப்பார், இவர் ஓடிக்கொண்டிருப்பார். இடித்த பிறகும் விழாமல் ஓடுவதுதான் அவருடைய ஆட்டமே. எடுத்த தூரத்தில் பெரும்பங்கு யாரோ ஒருவர் மேலே மோதிய பிறகு எடுத்தது.

அப்பா அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். குடும்பம் இத்தாலியின் நேப்பிள்ஸில் இருந்தபோதுதான் பையன் ஃபுட்பால் ஆடத் தொடங்கினான். பிற்பாடு பாய்ஸியில் பெயர் எடுத்ததும் பெரிய பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டன, போகவில்லை.

ஓட்டுப் போடும் நாள் வரை 13 ஆட்டங்களில் 344 முறை பந்தைத் தூக்கி ஓடி 2497 யார்டு, 29 டச் டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டுவது). சராசரி ஒரு ஓட்டத்துக்கு 7 யார்டுக்கு மேல். 5 யார்டு சராசரி இருந்தாலே நல்ல ஓட்டக்காரர் என்பார்கள். முதல் ஆட்டத்தில் ஜார்ஜியா சதர்னுக்கு எதிராக 267 யார்டு, 6 டச் டவுன். வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு எதிராக 259. எந்த ஆட்டத்திலும் 100க்குக் கீழே இறங்கவில்லை.

இந்த 344 என்ற எண்ணைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரே பருவத்தில் அதிக தூரம் ஓடிய சாதனை ஓக்லஹோமா ஸ்டேட்டின் பேரி சாண்டர்ஸுடையது: 1988இல் 2628 யார்டு. அவர் எத்தனை முறை பந்தைத் தூக்கினார் தெரியுமா? அதே 344. வெறும் 11 ஆட்டங்களில். 36 வருடமாக யாரும் தொடாத ஒரு கோட்டுக்கு, அதே எண்ணிக்கை ஓட்டத்தில், 131 யார்டு தள்ளி வந்து நின்றிருக்கிறார் ஜென்ட்டி.

அவர் மேல் சொன்ன பெரிய குறை, எதிரணிகள் சொத்தை என்பது. பாய்ஸி ஆடுவது மவுன்டன் வெஸ்ட் கூட்டத்தில், பெரிய பெயர்கள் இல்லாத இடம். இந்த வாதத்தை நான் பாதிதான் ஏற்பேன். செப்டம்பர் 7 அன்று ஆரெகன் மைதானத்துக்கே போய் 192 யார்டு, 3 டச் டவுன் அடித்தார். அந்தப் பருவத்தில் வழக்கமான ஆட்டம் ஒன்றில்கூடத் தோற்காத அணி ஆரெகன். கடைசி நொடியில் ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பது) உதைத்துத்தான் 37-34 என்று தப்பித்தது. சொத்தை அணிகளை மட்டும் அடித்தவர் என்றால் இந்த ஆட்டத்தை எங்கே வைப்பது? ஆனாலும் 2497இல் பெரும்பகுதி சுமாரான தடுப்புகளுக்கு எதிராக வந்தது என்பதும் உண்மைதான்.

ஹன்டர்: பெஞ்சுக்குப் போகாதவர்

ஹன்டர் பந்து நம்மிடம் இருக்கும்போது வைட் ரிசீவர், அதாவது தூரத்தில் ஓடி எறிகிற பந்தைப் பிடிப்பவர். எதிரணியிடம் இருக்கும்போது கார்னர்பேக், அந்த மாதிரிப் பிடிக்கிறவரை ஒட்டிக்கொண்டே ஓடித் தடுப்பவர். ஒரு வேலை திருடுவது என்றால் இன்னொன்று காவல். பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ் அந்தக் காலத்தில் தானே இரண்டு பக்கமும் கொஞ்சம் ஆடியவர். (பேரி சாண்டர்ஸுக்கு உறவில்லை, இந்தக் கதையில் சாண்டர்ஸ்கள் அதிகம்.) ஹன்டர் அவரை நம்பி ஜாக்சன் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரிக்குப் போய், பிறகு அவரோடேயே கொலராடோவுக்கு வந்தவர்.

ஹன்டர் கட்சிக்காரர்கள் முதலில் எடுத்துப் போடும் எண் 1380. தாக்குதலிலும் தடுப்பிலும் ஏறக்குறைய சரிபாதி ஸ்நாப், மீதி கொஞ்சம் சிறப்புக் குழுவில், அதாவது பந்தை உதைக்கும் கட்டங்களில் இறங்கும் கூட்டத்தில். ஸ்நாப் என்றால் பந்து ஒருமுறை ஆட்டத்துக்குள் வருவது. ஒரு ஆட்டத்துக்கு நூற்றுக்கு மேல் என்று வருகிறது. மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் இது உழைப்புக்குச் சாட்சி, திறமைக்கு அல்ல. இரண்டு ஷிப்ட் பார்த்தவருக்கு ஓவர்டைம் கொடுக்கலாம். தங்க மெடல் கொடுக்க வேறு காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் இருக்கிறது. பிடித்த பந்து 92, தூரம் 1152 யார்டு, டச் டவுன் 14. இதை மட்டும் செய்திருந்தாலே நாட்டின் முதல் வரிசை ரிசீவர். மறுபக்கம் 4 இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி எறிந்த பந்தைப் பறித்துப் பிடிப்பது. நாலுதானா என்று கேட்கலாம். கார்னர்பேக்கின் வேலை எண்ணில் வராது; அவர் நிற்கும் பக்கமே பந்தை எறியாமல் விட்டுவிடுவார்கள், வராத பந்தை எப்படி எண்ணுவது? அந்த வருடம் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதும், சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான பெட்னரிக் விருதும் ஹன்டருக்கே. இரண்டையும் ஒருவரே வாங்கியது அதற்கு முன் நடந்ததில்லை. (விருதுக் குழுக்கள் எவ்வளவு குழம்பினார்கள் என்பதற்கு இன்னொன்று: பின்வரிசைத் தடுப்பாளர்களில் சிறந்தவருக்கான தார்ப் விருது டெக்சஸின் ஜாடே பாரன் என்பவருக்குப் போனது. நாட்டிலேயே சிறந்த தடுப்பாளர், ஆனால் தன் வரிசையில் சிறந்தவர் இல்லை!)

பேலருக்கு எதிரான செப்டம்பர் ஆட்டத்தைப் பாருங்கள். நேரம் முடிகிற கடைசி எறியில் கொலராடோ சமன் செய்து, கூடுதல் நேரத்தில் முந்தியது. பதிலுக்கு பேலர் கோட்டருகே வந்துவிட்டது. ஓட்டக்காரர் கோட்டுக்குள் பாய்கிறார், ஓரத்தில் இருந்து ஹன்டர் வந்து மோதுகிறார், கோட்டைத் தொடுவதற்குள் பந்து கையை விட்டுக் கழன்று ஓடுகிறது. ஆட்டம் முடிந்தது, 38-31. அந்த நேரத்தில் மற்ற அணிகளின் ரிசீவர்கள் பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. கேன்சஸ் ஸ்டேட் ஆட்டத்தில் தோள்பட்டையில் அடிபட்டு முதல் பாதியோடு ஹன்டர் வெளியேறினார். கொலராடோ 31-28 என்று தோற்றது.

சரி, எதிர்வாதமும் உண்டு. நவம்பரில் கேன்சஸுக்கு எதிராக ஹன்டர் 125 யார்டு, 2 டச் டவுன் எடுத்தார், அணி 37-21 என்று தோற்றது. காரணம் எளிது: கேன்சஸ் எறிவதைவிட ஓடுவதில் இறங்கியது. அவர்களுடைய டெவின் நீல் 207 யார்டு ஓடினார். எறியும் பந்தைத் தடுக்க நாட்டிலேயே சிறந்த ஆள் ஒரு மூலையில் நிற்கிறார், ஆட்டம் நடுவில் நடந்து முடிகிறது. கார்னர்பேக்கை எதிரணி நினைத்தால் ஒதுக்கி வைக்கலாம். ஜென்ட்டியை ஒதுக்க முடியாது. பந்தே அவர் கையில்தான். பந்து யாரிடம் போகும் என்று மைதானத்தில் பாப்கார்ன் விற்கிறவருக்குக்கூடத் தெரியும், தெரிந்தும் தடுக்க முடியவில்லை. ஜென்ட்டிக்கான வாதங்களில் எனக்கு மிகக் கனமாகப் படுவது இதுதான், 2497 இல்லை.

பழைய வழக்குகள்

1997இல் டென்னசியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிகிறவர்) பெய்டன் மேனிங்குக்குத்தான் ஹைஸ்மன் என்று எல்லாரும் நினைத்திருந்தபோது மிச்சிகனின் சார்ல்ஸ் வுட்சன் வாங்கினார். முதன்மையாகத் தடுப்பாட்டக்காரராக இருந்து வாங்கியவர் அன்றுவரை யாரும் இல்லை. டென்னசிக்காரர்களுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் வுட்சன் தாக்குதலில் ஆடியது ஊறுகாய் அளவுதான். ஹன்டருக்கு அது முழுச் சாப்பாடு.

இன்னும் பொருத்தமான வழக்கு 2015. ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி ஓட்டம், பிடிப்பு, உதைத்த பந்தைத் திருப்பிக் கொண்டுவருவது என எல்லாம் சேர்த்து பேரி சாண்டர்ஸின் மொத்த யார்டு சாதனையையே உடைத்தார். கோப்பை போனது அலபாமாவின் டெரிக் ஹென்றிக்கு, ஒரே வேலையைச் செய்த ஓட்டக்காரருக்கு. அப்போது சகலகலாவல்லவர் தோற்றார், 2024இல் ஜெயித்தார். ஓட்டுப் போடுகிறவர்களிடம் நிலையான ஒரு தராசு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஹென்றி தேசிய சாம்பியன் பட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அணியில் இருந்தார். மெக்காஃப்ரியின் பல ஆட்டங்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரை தூங்கப் போன பிறகு நடந்தன, பார்த்தவர்கள் குறைவு. பாய்ஸிக்கும் கிட்டத்தட்ட அதே நிலைதான். டியான் சாண்டர்ஸின் கொலராடோவுக்கோ கேமரா பஞ்சமே இல்லை. இது ஜென்ட்டிக்கு எத்தனை ஓட்டைக் குறைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் குறைக்கவே இல்லை என்று சாதிப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

எனக்கு ஓட்டு இருந்திருந்தால்

ஹன்டருக்குப் போட்டிருப்பேன். நூலிழையில்.

1380க்காக அல்ல. ஒரு அணியில் அந்த இரண்டு இடத்துக்கும் இரண்டு நல்ல ஆள் தேவை. ஹன்டரை எடுத்துவிட்டால் இரண்டு ஓட்டை விழும், அதுவும் ஒவ்வொன்றும் நாட்டின் முதல் சில பேரில் ஒருவர் விட்டுப்போன ஓட்டை. ஜென்ட்டியை எடுத்தால் ஒரே ஓட்டைதான், பெரிய ஓட்டை. மற்றபடி கொலராடோவின் ஷெடூர் சாண்டர்ஸ் மாதிரி எறிகிறவர் இல்லாமல் ஹன்டர் எப்படிப் பிடிப்பார் என்ற கேள்விக்கு, முன்னால் மறித்து வழிவிட ஐந்து பேர் இல்லாமல் ஜென்ட்டி எப்படி ஓடுவார் என்ற கேள்வியே பதில். அதில் இரண்டு பேரும் சரிக்குச் சரி. ஹன்டரை மூன்று பெயருக்குள்கூட எழுதாதவர்கள் பருவத்தைப் பார்த்தார்களா என்று சந்தேகம் வருகிறது. ஜென்ட்டியை முதலில் எழுதிய 309 பேரோடு எனக்குச் சண்டையில்லை. வேறு எந்த வருடமாக இருந்தாலும் 310ஆவது ஓட்டு என்னுடையது.

ஓட்டுப் போட்ட பிறகு இருவருக்கும் ஆளுக்கொரு ஆட்டம் மிச்சம் இருந்தது, பருவத்தின் கடைசியில் ஆடும் பவுல் ஆட்டம். அலமோ பவுலில் கொலராடோ பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திடம் 36-14 என்று தோற்றது. ஹன்டர் 106 யார்டு பிடித்தார், 1 டச் டவுன். டிசம்பர் 31 அன்று ஃபியஸ்டா பவுலில் ஜென்ட்டிக்குச் சாதனையை முறியடிக்க 132 யார்டு வேண்டும். பென் ஸ்டேட் அவர் ஒருவரையே குறிவைத்துத் தடுத்தது. 30 முறை ஓடி 104 எடுத்தார். பாய்ஸி 31-14 என்று தோற்றது. மொத்தம் 2601, பேரி சாண்டர்ஸுக்கு 27 யார்டு கீழே. இதில் ஒரு சின்னக் குசும்பு உண்டு. சாண்டர்ஸ் காலத்தில் பவுல் ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். 2002இல் இருந்துதான் சேர்க்கிறார்கள். அவர் 1988 பவுல் ஆட்டத்தில் ஓடிய 222ஐயும் போட்டால் 2850. ஜென்ட்டி அந்த 27ஐயும் எடுத்திருந்தால் அடுத்த சண்டை அங்கே தொடங்கியிருக்கும்.