கிளிநொச்சி மென்பொருள் நிறுவனமொன்றில் இரண்டரை வருடங்கள்: ஓர் ஊழியரின் மதிப்பீடு

கிளிநொச்சியில் ஏ9 வீதியை அண்மித்து இயங்கும் மென்பொருள் நிறுவனக் கிளையொன்றில் 2021 நவம்பர் முதல் 2024 மே வரை மென்பொருள் பொறியியலாளராகப் பணியாற்றினேன். தலைமையகம் கொழும்பில் இருக்கிறது; வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில். அறிவியல்நகர் பொறியியல் பீடத்திலும் பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் படித்து வெளிவரும் தம்பி தங்கைகள் "அக்கா, அங்கே சேரலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இதனை எழுதுகிறேன். என்னோடு வேலை செய்தவர்கள் இன்னமும் அங்கே இருக்கிறார்கள். அதனால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்துள்ளேன்.

சம்பளம் ஒவ்வொரு மாதமும் 25ஆம் திகதி வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். ஒரு மாதம்கூடப் பிந்தியதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு எங்களிடமிருந்து 8 வீதமும் நிறுவனத்திடமிருந்து 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் ஒழுங்காகச் செலுத்தப்பட்டன. ஆனால் முதல் மூன்று மாதங்களைப் "பயிற்சிக் காலம்" என்று கூறி இவற்றைச் செலுத்தாமல் விட்டிருந்தார்கள். பயிலுநராக இருந்தாலும் வேதனம் பெறுபவருக்கு முதல் நாளிலிருந்தே சேமலாப நிதி உரித்தானது என்று நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதிக் கேட்ட பின்னரே நிலுவையைக் கட்டினார்கள். புதிதாகச் சேர்பவர்கள் முதல் மாதச் சம்பளச் சீட்டிலேயே இதனைக் கவனிக்க வேண்டும்.

எனது முதலாவது டீம் லீட் (அணித் தலைவர்) வவுனியாவைச் சேர்ந்தவர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்தபோது, ஒவ்வொருவருடைய ஊரின் மின்வெட்டு அட்டவணையையும் கேட்டு எழுதி, அதற்கேற்ப வேலை நேரத்தைப் பிரித்துத் தந்தவர் அவர். பெற்றோல் வரிசையில் நிற்க வேண்டியிருந்தவர்கள் அதை மறைக்காமல் அவரிடம் சொல்ல முடிந்தது.

அவருடைய தலைமையின் அருமையை நான் உணர்ந்தது அதே வருடம் ஓகஸ்ட்டில். சோதனைத் தரவுத்தளம் என்று நினைத்து வாடிக்கையாளரின் உண்மையான தரவுகள் உள்ள நேரடித் தரவுத்தளத்தில் ஒரு கட்டளையை இயக்கிவிட்டேன். மூன்று நாள் விற்பனைப் பதிவுகள் அழிந்துபோயின. பத்து நிமிடம் எவரிடமும் சொல்லாமல், கை கால் குளிர்ந்துபோய், திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்துபோய்ச் சொன்னேன். "என்ன கட்டளை? எத்தனை மணிக்கு?" என்ற இரண்டு கேள்விகளைத்தான் கேட்டார். கதிரையை இழுத்து என்னருகில் போட்டுக்கொண்டு, சேமிப்புப் பிரதியிலிருந்து பதிவுகள் அனைத்தும் மீளும் வரை இரவு எட்டு மணி வரை கூடவே இருந்தார். வாடிக்கையாளருக்கு "எங்கள் அணியின் தவறு" என்று எழுதினார். மறுநாள் காலைக் கூட்டத்தில், நேரடித் தரவுத்தளத்தை ஒருவர் தனியாகத் தொடக்கூடியதாக ஏன் வைத்திருந்தோம் என்பதைப் பற்றி மட்டுமே பேசினார். அன்றிலிருந்து அத்தகைய கட்டளை ஒவ்வொன்றையும் இரண்டாமவர் ஒருவர் வாசித்த பின்னரே இயக்கும் ஒழுங்கு வந்தது. எனது பெயர் அந்தக் கூட்டத்தில் எழவில்லை, எனது வருட இறுதி மதிப்பீட்டிலும் அந்தத் தவறு எழவில்லை. அதற்குப் பின்னர் எங்கள் அணியில் எவரும் பிழையை ஒளித்ததை நான் காணவில்லை.

2023 ஜனவரியில் அவர் கனடாவுக்குப் போனார். அடுத்து வந்தவர் கொழும்பிலிருந்து திரை வழியாக எங்களை நடத்தினார். மாதத்தில் ஒரு தடவை நேரில் வருவார். அவருடைய தொழில்நுட்ப அறிவை இன்றும் மதிக்கிறேன். ஆயினும் ஒரு வேலைக்கு ஐந்து நாள் தேவை என்று எவராவது சொன்னால், "ஏன் இரண்டு நாளில் முடியாது?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்பது அவருடைய வழக்கம். சில வாரங்களிலேயே எல்லோரும் "முடியும் அண்ணா" என்று சொல்லப் பழகிவிட்டோம். எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கலாம் என்று நிறுவனம் சொன்னாலும் எங்கள் வாயில் அண்ணா, அக்கா, சேர் என்றுதான் வரும். அந்த உறவு முறையோடு அன்பும் வரும், எதிர்த்துச் சொல்வதற்கான கூச்சமும் வரும். தலைமையகம் அந்தக் கூச்சத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. முடியாத வேலை வெள்ளிக்கிழமை இரவுகளில் வந்து குவிந்தது.

ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் 2009இல் செட்டிகுளம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து படித்தவள். என்னோடு வேலை செய்த பலரும் அப்படித்தான். வாடிக்கையாளர் கூட்டங்களில் நாங்கள் தயங்கியதைத் திறமைக் குறைவாகப் பதிந்தார்கள். முதலாவது டீம் லீட்டோ, முந்திய நாள் தமிழில் விளக்கச் சொல்லி, பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்ல வைத்து எங்களைத் தயார்ப்படுத்துவார். அப்படி ஆறு மாதம் பழகியதால்தான் என்னால் தனியாக ஒரு கூட்டத்தை நடத்த முடிந்தது.

கூட்ட நேரங்கள் பெண்களுக்குப் பெரும் சிரமமாக இருந்தன. லண்டனில் பிற்பகல் மூன்று மணி என்பது குளிர்காலத்தில் எங்களுக்கு இரவு எட்டரை மணி. அதற்குமேல் வட்டக்கச்சிக்குத் திரும்ப எனக்குப் பேருந்து இல்லை. அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து வெளியே காத்திருப்பார். வான் ஒழுங்கு செய்து தரும்படி கேட்டதற்கு ஐந்து மாதங்களுக்குப் பின்னரே பதில் கிடைத்தது. வான் வந்த பிறகு சாரதி ஒவ்வொருவரையும் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார் என்பதையும் நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

மே 18 எங்களுக்கு எப்படிப்பட்ட நாள் என்பதை வன்னியில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. 2022இல் அந்த நாளுக்குப் பத்து நாள் முன்னரே, கிளை அன்று இயங்காது என்று டீம் லீட் வாடிக்கையாளருக்கு அறிவித்துவிட்டார். நாங்கள் நினைவேந்தலுக்காக முள்ளிவாய்க்காலுக்குப் போய் வந்தோம். 2023இல் ஒரு மென்பொருள் வெளியீட்டுக்கு அதே நாள் குறிக்கப்பட்டது. போக வேண்டியவர்கள் வருடாந்த விடுமுறையில் கழித்துக்கொள்ளலாம் என்றும், மடிக்கணினியைக் கூடவே எடுத்துச் செல்லும்படியும் மின்னஞ்சல் வந்தது. தீய எண்ணத்தோடு எழுதப்பட்டது என்று நான் கருதவில்லை. அந்தத் திகதியைக் குறிக்கும்போது எங்களில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை என்பதே என்னை வருத்தியது. அன்று மாலை கடற்கரையில் ஒருவர் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு சமிக்ஞை தேடியதை நான் மறக்கவில்லை.

பதவி உயர்வு எந்த அளவுகோலில் தரப்படுகிறது என்பது எழுத்தில் இல்லை. பணிக்கொடைக்குத் தேவையான ஐந்து வருடத்தை நிறைவு செய்தவர்கள், நான் விலகும்போது, கிளையில் இரண்டு பேர்தான்.

ஐந்துக்கு மூன்று புள்ளி கொடுக்கிறேன். முதல் பதினான்கு மாதங்களுக்கு மட்டும் என்றால் ஐந்தையும் கொடுத்திருப்பேன். தொழிலைக் கற்றுக்கொள்ள நல்ல இடம், ஊரைவிட்டுப் போகாமல் உழைக்கவும் முடிகிறது. நேர்முகப் பரீட்சையில் "ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்று கேட்பார்கள். டீம் லீட் கிளிநொச்சியில் இருப்பவரா, எட்டரை மணிக் கூட்டத்துக்குப் பின் வான் உண்டா, கடைசியாக நேரடித் தரவுத்தளத்தில் ஒரு பிழை நடந்தபோது என்ன செய்தார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதற்கு அவர்கள் பதிலை எப்படித் தொடங்குகிறார்கள் என்பதை நன்றாகக் கவனியுங்கள்.