ஷாக்வேவ்: மதுரைக்கு அலைவதா, மெஷினை வாங்கிப்போடுவதா?

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு ஒரு காட்சி பழகிப்போயிருக்கும். கடையில் பெண்கள் நின்றால், சில ஆண்கள் இருமல் மிட்டாய் டப்பாவைப் புரட்டிக்கொண்டே காத்திருப்பார்கள். போன வாரம் அப்படி நின்றவர் ஐம்பதைத் தாண்டிய அண்ணன் ஒருவர். கடை காலியானதும் போனை நீட்டினார். விறைப்புக் குறைபாட்டுக்கு வீட்டிலேயே ஷாக்வேவ், அதாவது அதிர்வலை, கொடுத்துக்கொள்ளும் மெஷின்.

"தம்பி, இதுக்காக மதுரை ஆஸ்பத்திரிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அலையறதுக்கு, இதை வாங்கிப்போட்டா என்ன?"

அவர் போட்டது அலைச்சல் கணக்கு. கூச்சமும் அதில் உண்டு. யூராலஜி (சிறுநீர், ஆணுறுப்புக் கோளாறுகள் பார்க்கும்) டாக்டர் வாசலில் உட்கார்ந்தால் எதிரே பங்காளி ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அந்த வகையில் மெஷின் வசதிதான். ஆனால் ஆஸ்பத்திரி மெஷினிலும் வீட்டு மெஷினிலும் வருவது ஒரே அலை இல்லை.

சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைப்பது 1980-ல் மியூனிக்கில் தொடங்கியது. அதே அலையின் பலத்தை வெகுவாகக் குறைத்து, 2010-ல் இஸ்ரேல் மருத்துவர்கள் 20 பேரிடம் இந்தக் குறைக்குச் சோதித்தார்கள். வாரம் இரண்டு தடவையாக மூன்று வாரம், பிறகு மூன்று வாரம் ஓய்வு, மறுபடி மூன்று வாரம். ஆக 12 தடவை. இது ஃபோகஸ்டு வகை: பூதக்கண்ணாடியில் வெயில் குவிவதுபோல, தோலைத் தாண்டி உள்ளே போய்க் குவியும். அதனால் நுண்ணிய ரத்தக்குழாய்கள் புதிதாகத் துளிர்க்கும் என்பது எதிர்பார்ப்பு.

வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவை ரேடியல் வகை. உள்ளே ஒரு குண்டு ஓடிவந்து முனையில் மோதும், அவ்வளவுதான். ஊருணியில் கல்லெறிந்தால் விழுந்த இடத்தில்தான் வேகம், போகப்போகத் தேய்ந்துவிடும் இல்லையா, அதே கதை. அழுத்தத்தின் உச்சம் தோலிலேயே முடிந்துவிடும். குதிகால் வலிக்கு பிசியோதெரபியில் வைப்பதும் பெரும்பாலும் இந்த வகைதான்.

அதற்காக ஆஸ்பத்திரிக்குக் கண்ணை மூடிக்கொண்டு போய்ப் பணம் கட்டச் சொல்லவில்லை. அமெரிக்க யூராலஜி சங்கம் 2018-ல் இதைச் சோதனை நிலைச் சிகிச்சை என்றுதான் எழுதியது. ஐரோப்பியர்கள் கொஞ்சம் தாராளம். ரத்த ஓட்டம் குறைந்து வரும் லேசான பாதிப்புக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள். ரேடியல் மெஷினை வைத்துக்கொண்டே ஷாக்வேவ் என்று போர்டு போடும் இடங்களும் உண்டு. "உங்க மெஷின் ஃபோகஸ்டா, ரேடியலா?" என்று கேட்டுவிட்டுத்தான் பர்ஸைத் திறக்க வேண்டும். ரேடியல் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

இத்தனைக்கும் நான் டாக்டர் பக்கம் சாய்வது அலைக்காக அல்ல. ஆணுறுப்புக்குப் போகும் தமனி 1 முதல் 2 மி.மீ., இதயத் தமனி 3 முதல் 4 மி.மீ. ஒரே கொழுப்புப் படிந்தாலும் சின்னதுதான் முதலில் திணறும். நெஞ்சுவலிக்குச் சில வருஷம் முன்பே இந்தக் குறை தலைகாட்டலாம். டாக்டர் சுகர், கொழுப்பு, பிரஷர் பார்ப்பார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார். கூரியரில் வரும் பெட்டி எதைக் கேட்கும்?

"அண்ணே, சுகர் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"ரெண்டு வருஷம் இருக்கும்... மூணா?" என்றார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காலையில் வெறும் வயிற்றில் எத்தனை மணிக்கு லேபுக்குப் போக வேண்டும் என்று கேட்டார்.