ஹவுஸா, ஈ.ஆரா: மருத்துவத் தொடரை வைத்துத் தத்துவம் பேச எது ஏற்றது?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் படிப்பகத்தில் ஞாயிறு மாலைதோறும் பத்துப் பதினைந்து பேர் கூடித் தத்துவம் பேசுகிறோம். முதல் ஆண்டில் கட்டுரைகளை நகலெடுத்துக் கொடுத்து, வாசித்துவிட்டு வரச் சொன்னோம். துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கும் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கும் அதற்கு நேரம் வாய்க்கவில்லை; வாசித்த மூன்று பேர் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் நிலை வந்தது. எனவே, கேரம் பலகையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு எல்லோரும் ஒன்றாக அமர்ந்து பார்க்கக்கூடிய மருத்துவத் தொடர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் வரும் சிக்கலிலிருந்து பேச்சைத் தொடங்குவது என்று முடிவு செய்தோம். எதைத் தேர்ந்தெடுப்பது என்ற பொறுப்பு எனக்கு வந்தது. இறுதியில் என் முன்னால் இரண்டே தொடர்கள் நின்றன.

ஒன்று ‘ஈ.ஆர்.’. மருத்துவம் படித்த எழுத்தாளர் மைக்கேல் கிரைட்டன் உருவாக்கியது. சிகாகோ நகரின் கவுண்டி ஜெனரல் என்னும் கற்பனைப் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நடப்பது. 1994 முதல் 2009 வரை பதினைந்து பருவங்கள் வந்தது. மற்றது டேவிட் ஷோர் உருவாக்கி, ஹியூ லாரி நடித்து, 2004 முதல் 2012 வரை எட்டுப் பருவங்கள் ஒளிபரப்பான ‘ஹவுஸ்’. அதில் நோய் கண்டறிவதில் தேர்ந்த, காலில் தீராத வலியுள்ள, யார் மனமும் நோவதைப் பொருட்படுத்தாத ஹவுஸ் என்னும் மருத்துவர் வாரம் ஒரு புதிரை அவிழ்க்கிறார். நாங்கள் எடுத்தது ஹவுஸ். ஒன்றரை ஆண்டு கடந்த பின்னும் அந்தத் தேர்வு சரியென்றே நினைக்கிறேன்.

மொழி, நீளம், நடிப்பு ஆகியவற்றில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. இரண்டும் ஆங்கிலம், இரண்டுக்கும் அருகில் ஒருவர் அமர்ந்து தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது, இரண்டிலும் ஒரு பகுதி முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: படத்தை எந்த இடத்தில் நிறுத்த முடியும் என்பது.

ஹவுஸ் முதல் பருவத்தில் ஒரு பகுதி. இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஓர் எக்காளக் கலைஞர் மருத்துவமனைக்கு வருகிறார். தமக்கு ஏ.எல்.எஸ். என்னும் தீராத நரம்பு நோய் இருப்பதாக முன்னரே வேறொரு மருத்துவர் சொல்லிவிட்டதால், மூச்சு நின்றால் மீட்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். ஹவுஸுக்கு அந்த நோய்க்கணிப்பில் நம்பிக்கையில்லை. மூச்சுத் திணறல் வரும்போது, எழுதிக் கொடுத்ததை மீறி அவர் தொண்டையில் குழாயைச் செலுத்துகிறார். அந்தக் காட்சியில் நாங்கள் படத்தை நிறுத்தினோம். அதன்பின் என்ன ஆனது என்பதை யாரும் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி.

அன்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் சுதந்திரம் பற்றி எழுதியதிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை முன்வைத்தேன். இடிந்து விழப்போகும் பாலத்தில் அது தெரியாமல் ஒருவன் காலெடுத்து வைக்கிறான், எச்சரிக்க நேரமில்லை, அவனைப் பிடித்து இழுப்பது அவன் சுதந்திரத்தைப் பறிப்பதாகாது, ஏனெனில் ஆற்றில் விழுவது அவன் விருப்பமன்று. ஆனால் மில் அங்கேயே ஒரு வரம்பையும் வைக்கிறார்: ஆபத்து உறுதியாக இல்லாமல் வாய்ப்பாக மட்டும் இருந்தால் எச்சரிக்கலாமே தவிரத் தடுக்கக் கூடாது. எக்காளக் கலைஞர் தவறான நோய்க்கணிப்பை நம்பிக் கையெழுத்திட்டிருந்தால் அது அவர் விருப்பமா, இல்லையா? ஹவுஸுக்கு இருந்தது உறுதியா, ஐயமா? இரண்டு மணி நேரம் பேசினோம். பேச்சு நம் நாட்டுக்கும் வந்தது: முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றதும், 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கியதும் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுவாரம் மீதியைப் பார்த்தோம். குழாயை எடுத்த பிறகும் அவர் தாமாகவே மூச்சு விடுகிறார், நோய் வேறு என்று தெரிகிறது, நடந்து வெளியேறுகிறார். முதல் வாரம் ஹவுஸைக் கடுமையாக எதிர்த்த மாணவர் ஒருவர் உடனே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அங்கேதான் இரண்டாவது கேள்வி பிறந்தது: விளைவு நன்றாக அமைந்ததால் செயல் சரியாகிவிடுமா? பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்னும் தத்துவ அறிஞர்கள் 1976-இல் எழுப்பிய ‘ஒழுக்க நற்பேறு’ என்னும் சிக்கல் இதுவே. அதை நான் விளக்கத் தேவையே இருக்கவில்லை. ஒரு வாரத்துக்கு முன் தாம் சொன்னதையும் இன்று சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அந்த மாணவருக்கே அது புரிந்தது. நிறுத்தாமல் முழுவதும் பார்த்திருந்தால் இந்தக் கேள்வி எழுந்தே இராது. தொடரின் முடிவு எல்லோரையும் ஹவுஸின் பக்கம் சேர்த்திருக்கும்.

ஷிப்ட் மாறி வருபவர்களுக்கும் இதனால் வழி கிடைத்தது. ஒரு வாரம் வராதவருக்கு, நிறுத்திய இடம்வரை நடந்ததை ஐந்து வாக்கியங்களில் சொல்லிவிடலாம். படத்தையே பார்க்காமல், கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு நன்றாக வாதாடியவர்கள் உண்டு.

ஈ.ஆரில் இதைச் செய்து பார்த்தேன், முடியவில்லை. ஒரே பகுதியில் நான்கைந்து நோயாளிகளின் கதைகள் பின்னிக் கிடக்கின்றன. எங்கே நிறுத்தினாலும் ஒன்று முடிந்திருக்கும், இன்னொன்று தொடங்கியே இராது. முடிவெடுப்பவருக்கே யோசிக்க நேரமில்லாத இடம் அது. பார்ப்பவருக்கு எப்படி நேரம் கிடைக்கும்? ஹவுஸிலோ வெள்ளைப் பலகை முன் ஹவுஸும் அவர் குழுவினரும் காரணங்களை எழுதி, ஒவ்வொன்றாக அடிக்கிறார்கள். வாதம் வாய்விட்டுப் பேசப்படுகிறது.

அந்தத் தொடரின் மைய வாசகமாக ஒலிப்பது “எல்லோரும் பொய் சொல்கிறார்கள்” என்பது. இதைச் சைவ சித்தாந்தம் ஏற்கும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளோடு, அதாவது அறிவைப் பெறும் வழிகளோடு, வைத்துப் பார்த்தோம். ஹவுஸ் சோதனையைக் கண்ணால் காண்கிறார், அறிகுறியிலிருந்து கருதி அறிகிறார், நோயாளியின் உரையை மட்டும் தள்ளிவிடுகிறார். முதல் பகுதியில் இதற்கு அழகான மறுதலை ஒன்று இருக்கிறது: ஹவுஸ் சொல்லும் நோயை நம்ப மறுக்கும் ஆசிரியை ஆதாரம் கேட்கிறார். அவருக்கும் மருத்துவரின் உரை போதவில்லை. தொடை எக்ஸ்ரேயில் நாடாப்புழுவைக் காட்டிய பிறகே மருந்துக்கு இசைகிறார்.

எங்கள் குழுவில் மகப்பேறு வார்டில் முப்பது ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் அன்று சொன்னதை அப்படியே தருகிறேன்: “தம்பி, நோயாளி பொய் சொல்றாங்கன்னு சொல்லாதீங்க. யார் பக்கத்துல நிக்கும்போது கேட்டீங்கன்னு பாருங்க. மாமியார் நிக்கறப்ப ‘இது எத்தனையாவது கர்ப்பம்’னு கேட்டா ஒரு பதில் வரும். அவங்களை வெளிய அனுப்பிட்டுக் கேட்டா வேற பதில் வரும்.” உரை பொய்யாவது சொல்பவரால் மட்டுமன்று, கேட்கும் சூழலாலும் என்பது அறிவுத் தோற்றவியலில், அதாவது நாம் எதையும் எப்படி அறிகிறோம் என்று ஆராயும் துறையில், மிக நுட்பமான கருத்து. ஹவுஸுக்கு அது தெரியாது. எங்கள் அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

ஈ.ஆருக்கு உரிய பெருமையையும் சொல்ல வேண்டும். ஒரு நோயாளிக்காக ஒரு குழுவே நாள் முழுதும் சிந்திக்கும் மருத்துவமனையை எங்கள் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. காலையிலேயே வரிசையில் நின்று சீட்டு வாங்கும் மக்களுக்கு முதன்மையான கேள்வி, இருக்கும் மருத்துவரையும் கட்டிலையும் யாருக்கு முதலில் கொடுப்பது என்பதே. அந்தப் பங்கீட்டு நீதியை ஈ.ஆர். ஒவ்வொரு பகுதியிலும் கண்முன் வைக்கிறது. ஹவுஸ் அதைத் தொடுவது அரிது. குறள் மருத்துவத்தின் நான்கு கூறுகளாக உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் என்று சொல்கிறது. ஹவுஸில் உழைச்செல்வானுக்கு, அதாவது அருகிருந்து மருந்து தந்து பேணுபவருக்கு, இடமே இல்லை என்று சொல்லலாம். செவிலியர்கள் கதவைத் திறந்து மூடுகிறார்கள். ஈ.ஆரில் கரோல் ஹாத்தவே என்னும் செவிலியர் தலைமைப் பாத்திரங்களில் ஒருவர். நீதியைப் பற்றி மட்டும் பேசும் குழுவாக இருந்திருந்தால் நான் ஈ.ஆரையே எடுத்திருப்பேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஈ.ஆரில் நான் பார்த்தது முதல் மூன்று பருவங்கள் மட்டுமே. பதினைந்து பருவங்களுக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஹவுஸிலும் நாங்கள் குழுவாகப் பேசியவை பெரும்பாலும் முதல் மூன்று பருவங்களைச் சேர்ந்தவையே. ஒரே புதிரமைப்பு திரும்பத் திரும்ப வருவதால் தொடர்ந்து பார்த்தால் சலிப்புத் தட்டலாம். மாதத்துக்கு இரண்டு பகுதிக்கு மேல் பார்க்காததால் எங்களுக்கு அது இன்னும் நேரவில்லை.

ஈ.ஆரிலிருந்து ஒரே ஒரு பகுதியை அடுத்த மாதம் காட்டுகிறோம். 1995-இல் வந்தது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரை, சிறுநீர்ப்பைத் தொற்று என்று எண்ணி டாக்டர் மார்க் கிரீன் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அந்தப் பெண் வலிப்புடன் திரும்பி வருகிறார். குழந்தை பிழைக்கிறது, தாய் இறந்துவிடுகிறார். இங்கே நற்பேறு மறுபக்கம் சாய்கிறது. எக்காளக் கலைஞரின் கதைக்கு நேர் எதிரில் வைத்துப் பேச வேண்டிய பகுதி என்பதால் இதைக் காட்டலாமா என்று குழுவிடம் கேட்டேன். பார்க்க முடியுமா என்று அக்காவிடம் தனியாகவும் கேட்டேன். பார்க்கலாம் என்றார், ஆனால் நடுவில் நிறுத்த வேண்டாம் என்றார். அந்த ஒன்றை மட்டும் நிறுத்தாமல் காட்டுவதாக இருக்கிறோம்.