ஓய்வுபெற்ற பந்தய கிரேஹவுண்டுகளோடு நான்கு வேட்டைப் பருவங்கள்

கறுப்பனும் மின்னியும் வீட்டுக்கு வந்து நான்கு குளிர்காலம் முடிந்துவிட்டது. இரண்டும் பந்தயத் தடத்தில் ஓடி ஓய்வுபெற்ற கிரேஹவுண்டு நாய்கள். கறுப்பன் 34 கிலோ ஆண், வந்தபோது நான்கு வயது. மின்னி 27 கிலோ, புலிவரி போட்ட பெண், அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை. அமெரிக்காவின் மேற்குச் சமவெளியில், குதிரைமசால் வயல்களை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தில் ஜாக்ராபிட் பிடிக்க இவற்றைப் பழக்கினேன். பெயரில் ராபிட் என்று இருந்தாலும் அது வளையில் வாழும் குழிமுயல் கிடையாது. வெட்டவெளியில் புல்லோடு புல்லாகப் படுத்துக் கிடக்கும் பெருமுயல். மணிக்கு 60 கிலோமீட்டர் வரை ஓடும். ஓடும்போதே வெட்டித் திரும்பும்.

பந்தய நாய் வேட்டைக்கு ஆகுமா என்று கேட்கிற எல்லோரும், அதற்குத் துரத்தத் தெரியுமா என்றுதான் யோசிக்கிறார்கள். துரத்துவதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கே நிறுத்துவது என்பதுதான் அதற்குத் தெரியாது. இந்த நான்கு வருடத்தில் என் உழைப்பில் பாதிக்கு மேல் அதற்கே போயிருக்கிறது.

முதலில், நாய் எங்கிருந்து வருகிறது என்பது. ஃப்ளோரிடாவில் 2018-இல் மக்கள் வாக்களித்து, 2020 முடிவோடு கிரேஹவுண்டு பந்தயம் நின்றது. மற்ற மாநிலங்களிலும் ஒவ்வொன்றாக மூடி, இப்போது மேற்கு வர்ஜீனியாவில் இரண்டு தடங்கள்தான் மிச்சம். ஓய்வுபெற்ற நாய்கள் பெரும்பாலும் தத்தெடுப்பு அமைப்புகள் வழியாகத்தான் வீடுகளுக்குப் போகின்றன. அந்த ஒப்பந்தங்கள் பலவற்றில், வேட்டைக்குப் பயன்படுத்தக் கூடாது, வார் இல்லாமல் திறந்தவெளியில் விடக் கூடாது என்று தெளிவாக இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு நாயை வயலுக்குக் கூட்டிப்போவது பச்சைத் துரோகம். நான் இரண்டையும் அவற்றை வளர்த்து ஓட்டிய உரிமையாளரிடம், எதற்காக என்று சொல்லித்தான் வாங்கினேன். வேட்டை உரிமமும் நில உரிமையாளரின் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி முயல் வேட்டை குற்றம். இதை அங்கே செய்து பார்க்க வேண்டாம்.

சரி, நாய்க்கு வருவோம். பந்தயத்தில் அது ஓடுவது சுமார் 500 மீட்டர், முப்பது விநாடி. மணல் தடம், கம்பி கிடையாது, குழி கிடையாது, எப்போதும் இடப்பக்க வளைவுதான். வாயில் கூண்டு மாட்டித்தான் ஓடியிருக்கும். இதை நான் காகிதத்தில் தெரிந்து வைத்திருந்தேனே தவிர, முதல் நாள் வயலில்தான் புரிந்தது. ஐம்பது அடியில் ஒரு முயல் எழுந்தது, மின்னியை விட்டேன். நூறு மீட்டருக்குள் எட்டிப்பிடித்து, முயலுக்குப் பக்கத்தில் தோளோடு தோளாக ஓடினாள். மூக்கால் அதன் விலாவில் ஒரு இடி இடித்தாள். வாயைத் திறக்கவே இல்லை. முயல் வலப்பக்கம் வெட்டியது, அவள் இடப்பக்கமாகப் பெரிய வட்டம் அடித்து நின்று, சுற்றும் முற்றும் பார்த்தாள். வாயில் கூண்டு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது என் கணிப்பு. அந்தப் பருவம் முழுக்க இரண்டும் சேர்ந்து பிடித்தது மூன்றே முயல். இரண்டாம் பருவத்தின் நடுவில்தான் மின்னி முயலோடு வெட்டித் திரும்பக் கற்றாள். முயல் காதை மடக்கினால் வெட்டப்போகிறது என்று இப்போது அவளுக்குத் தெரியும், அரை அடி முன்னதாகவே வேகத்தைக் குறைக்கிறாள். கறுப்பன் அதைக் கடைசி வரை கற்கவில்லை. அவன் நேர்கோட்டு நாய்.

கூப்பிட்டால் வருமா என்று கேட்பீர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், முயல் கண்ணில் இருக்கும் வரை வராது. எனக்கு உதவியது ஸ்க்வாக்கர் என்ற சின்ன ஊதுகுழல்தான். அடிபட்ட முயல் மாதிரிக் கத்தும். பயிற்சிக் கொட்டில்களில் ஓட்டம் முடிந்ததும் நாய்களை இழுப்பதற்கு இதை ஊதுவார்கள், அதனால் வயதான பந்தய நாய்க்கும் அந்தச் சத்தம் மறக்காது. ஒவ்வொரு முறை ஊதி அது வந்ததும் கைநிறைய இறைச்சி கொடுத்தேன். வெறுமனே ஊதி ஏமாற்றியதில்லை. முயல் கண்ணில் இருந்து மறைந்த அந்த நொடியில் ஊதினால் பத்துக்கு ஒன்பது தடவை திரும்பி வந்துவிடும். மோப்பம் பிடித்துக்கொண்டு போகிற நாய் இல்லை என்பதால் அந்த நொடி நம் பக்கம்.

இனி காயம். கிரேஹவுண்டின் தோல் காகிதம் மாதிரி. அடியில் கொழுப்பும் இல்லை, உள்முடியும் இல்லை. முதல் பருவத்தில் புல்லுக்குள் கிடந்த பழைய முள்கம்பியில் மோதி, கறுப்பனின் மார்பில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் பிளந்துவிட்டது. அவன் கத்தவில்லை. ஓடிவந்து என் முன்னால் நின்றபோதுதான் தசை தெரிந்தது. அன்றிலிருந்து ஒரு வழக்கம்: நாயை விடப்போகிற நிலத்தை முந்தின நாள் நானே நடந்து பார்ப்பேன். கம்பி வேலி, வளைகள், பாறை இருந்தால் அந்த இடமே வேண்டாம். பையில் கட்டுத்துணி, உப்புநீர், தோலைப் பிடிக்கும் ஸ்டேப்ளர் எப்போதும் இருக்கும்.

ஆனால் என்னை உண்மையில் பயமுறுத்தியது இரண்டாம் பருவம். இதமான வெயில், முயல் நிறைய. ஒரு மணி நேரத்துக்குள் கறுப்பனை மூன்று முறை விட்டேன். மூன்றாவது ஓட்டம் நீண்டது, ஒன்றரை நிமிடம் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் முதுகு பலகை மாதிரி இறுகியிருந்தது, தொட்டால் முனகினான். மாலையில் சிறுநீர் காபி நிறத்தில் போனது. தசை உடைந்து அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிற நிலை அது. பந்தயக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோய், எனக்குத்தான் தெரியவில்லை. இரண்டு நாள் மருத்துவமனையில் சலைன் ஏற்றினார்கள். பிழைத்தான். தவறு முழுக்க என்னுடையது. முப்பது விநாடிக்காகச் செய்த உடம்பை ஓடவிட்டு, அது தானாக நிறுத்தும் என்று நம்பினேன். அது நிறுத்தாது.

அதற்குப் பிறகு ஒரு நாயை ஒரு காலைக்கு இரண்டு முறைக்கு மேல் விட்டதில்லை. இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேரமாவது மெதுவாக நடை. 15 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் வேட்டை இல்லை. வெறும் வயிற்றில்தான் கூட்டிப்போவேன். குளிரில் காத்திருக்கும்போது மேலங்கி போட்டுவிடுவேன், இல்லாவிட்டால் நடுங்கியே தசை இறுகிவிடும். ஓட்டத்துக்கு மறுநாள் முழு ஓய்வு.

மருத்துவரிடம் போகும்போது ஒன்று: கிரேஹவுண்டின் ரத்தப் பரிசோதனை மற்ற நாய்களுடையது போல இருக்காது. சிவப்பணு அதிகமாகவும், தட்டணுவும் தைராய்டு அளவும் குறைவாகவும் இருப்பது அதற்கு இயல்பு. இது தெரியாத ஒருவர் மின்னிக்குத் தைராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார், தேவையே இருக்கவில்லை. முயலைத் தொடும்போது கையுறை போடுங்கள். முயல்களுக்கு வரும் துலரேமியா என்ற பாக்டீரியா நோய் மனிதருக்கும் தொற்றும்.

வாங்கும்போது பின்னங்கால்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும், குறிப்பாக வலது ஹாக் மூட்டு, அதாவது பின்னங்காலின் கணுக்கால் மூட்டு. இடப்பக்கமே திரும்பித் திரும்பி ஓடிய நாய்க்கு அங்கேதான் எலும்பு முறியும். முறிந்து கூடிய நாய் வீட்டுக்கு அருமையான நாய், வயலுக்கு வேண்டாம். பாதத்தில் கால் ஆணி, அதாவது தோல் தடித்துக் கெட்டியான புள்ளி, இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். காதில் குத்திய எண்ணை வைத்து வயதைச் சரிபாருங்கள். என் அனுபவத்தில் மூன்று வயதுக்குள் இருக்கிற, எடை குறைந்த பெண் நாய்தான் வெட்டித் திரும்பக் கற்கிறது. புதர்க்காட்டுக்கோ, நாளெல்லாம் அலைகிற வேட்டைக்கோ இந்த நாயே வேண்டாம். அதற்கு சலூக்கி என்ற வேட்டை நாய் இனத்தின் ரத்தம் கலந்தது தாங்கும்.

கடந்த குளிர்காலத்தில் மின்னி மட்டும் பதினாறு பிடித்தாள், ஒரு தையல்கூட இல்லாமல். கறுப்பனுக்கு எட்டு வயது. நான் வாரை எடுத்தால் இன்னும் கதவருகே வந்து நிற்கிறான். மின்னியோடு போய்வந்த பிறகு, அவனை அதே வயலில் வாரில் பிடித்து அரை மணி நேரம் நடத்திக் கூட்டிவருகிறேன்.