ஊழலைத் தடுப்பது சம்பளமா, சட்டமா? சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா: ஓர் ஒப்பீட்டு அலசல்

அமைச்சர்களின் சம்பளம் சிங்கப்பூரில் விவாதத்துக்கு வரும்போதெல்லாம், "குறைவாகக் கொடுத்தால் பக்கத்து நாடுகளைப் போல ஆகிவிடுவோம்" என்ற வாதம் முன்வைக்கப்படுகிறது. மலேசியாவின் ஜோகூரில் உறவும் இந்தோனேசியாவின் பாத்தாமில் தொழிலும் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு அந்த நாடுகள் அந்நியமானவை அல்ல. ஆகவே அந்த வாதத்தை உண்மை விவரங்களோடு வைத்துப் பார்ப்பது நமக்குக் கடமையும்கூட.

சிங்கப்பூரின் வழி வெளிப்படையானது. 1994ஆம் ஆண்டின் வெள்ளை அறிக்கை, ஆறு துறைகளில் ஆக அதிகம் சம்பாதிப்போரின் வருமானத்தோடு அமைச்சர் சம்பளத்தைப் பிணைத்தது. 2011 பொதுத் தேர்தலில் மக்களின் அதிருப்தி வெளிப்பட்ட பிறகு, ஜெரார்டு ஈ தலைமையிலான குழு அந்த அளவுகோலை மாற்றியமைத்தது. ஆக அதிகம் சம்பாதிக்கும் 1,000 குடிமக்களின் இடைநிலை வருமானத்தை எடுத்து, அதில் 40 விழுக்காட்டைக் கழிப்பது புதிய கணக்கு. அதன்படி பிரதமருக்கு ஆண்டுக்கு 2.2 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளியும், தொடக்கநிலை அமைச்சருக்கு 1.1 மில்லியன் வெள்ளியும் நிர்ணயிக்கப்பட்டன. மலேசியப் பிரதமரின் அடிப்படைச் சம்பளமோ மாதம் ஏறத்தாழ 22,800 ரிங்கிட்தான். 2022இல் பொறுப்பேற்ற அன்வார் இப்ராகிம் அதையும் பெற்றுக்கொள்ளப் போவதில்லை என்று அறிவித்தார்.

டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் 2024ஆம் ஆண்டு ஊழல் கருத்துக் குறியீட்டில் (100 புள்ளிகள் என்றால் ஊழல் ஆகக் குறைவு) சிங்கப்பூர் 84 புள்ளிகளுடன் 3ஆம் இடத்திலும், மலேசியா 50 புள்ளிகளுடன் 57ஆம் இடத்திலும், இந்தோனேசியா 37 புள்ளிகளுடன் 99ஆம் இடத்திலும் இருந்தன. சம்பளப் பட்டியலையும் இந்தப் பட்டியலையும் அருகருகே வைத்தால் வாதம் நிரூபணமாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் எது முதலில் வந்தது, எது பின்னர் வந்தது என்ற வரிசை வேறு கதையைச் சொல்கிறது.

சிங்கப்பூரின் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு 1952இல், காலனி ஆட்சியில் அமைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த அபின் கொள்ளையில் காவல்துறையினரே சம்பந்தப்பட்டிருந்தது அதற்கு முக்கியக் காரணம். 1959இல் ஆட்சிக்கு வந்த மக்கள் செயல் கட்சி, அரசு ஊழியர்களின் படிகளைக் கூட்டவில்லை, வெட்டியது. அடுத்த ஆண்டே ஊழல் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து புலனாய்வுப் பிரிவின் அதிகாரத்தை வலுப்படுத்தியது. தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த தே சியாங் வான் விசாரணைக்கு உள்ளானது 1986இல். இவையெல்லாம் வெள்ளை அறிக்கைக்கு முந்தியவை. தூய்மையான நிர்வாகம் கைவந்த பிறகே உயர் சம்பளம் வந்தது. அந்தத் தூய்மையைக் காப்பதில் சம்பளத்துக்குப் பங்கு உண்டு என்பதை ஏற்கிறேன், அதை உருவாக்கியது சம்பளம் என்பதை ஏற்க முடியவில்லை.

இந்தோனேசியா இதற்கு நேர்மாறான வரிசையில் நடந்தது. நிதியமைச்சு 2007 முதல் தன் ஊழியர்களின் ஊதியத்தைக் கணிசமாக உயர்த்தியது. வரித்துறையும் அதில் அடக்கம். ஆயினும் 2010இல், கீழ்நிலை வரி அதிகாரி காயுஸ் தம்புனானின் கணக்கில் பல பில்லியன் ரூப்பியா இருப்பது அம்பலமானது. 2023இல் இன்னொரு வரி அதிகாரி ரஃபாயல் அலுன் திரிசம்போடோவின் செல்வம் நாட்டையே கொதிக்க வைத்தது. உயர்த்திய ஊதியத்துக்கு ஈடான கண்காணிப்பு வளரவில்லை. 2003 முதல் அஞ்சாமல் இயங்கிய ஊழல் ஒழிப்பு ஆணையத்தின் சுதந்திரமும், மாணவர்கள் வீதியில் இறங்கிப் போராடியபோதும், 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் சுருக்கப்பட்டது. அந்த நாட்டுக்கு நேர்ந்த பெரும் இழப்பாக இதையே நான் கருதுகிறேன்.

மலேசியாவை இரண்டு தளங்களில் பார்க்க வேண்டும். சாலையில் வண்டியை நிறுத்திக் கேட்கப்படும் 'டூயிட் கோப்பி' (காப்பிக் காசு) போன்ற சிறு லஞ்சத்துக்கும் குறைந்த சம்பளத்துக்கும் தொடர்பு இருக்கலாம். 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய ஊதிய முறை, அரசு ஊழியரின் குறைந்தபட்ச மாத வருமானத்தை 2,000 ரிங்கிட்டாக உயர்த்தியது; ஏழைகளையே அதிகம் வதைக்கும் இந்தச் சிறு லஞ்சத்தைக் குறைக்க அது ஓரளவு உதவலாம். ஆனால் மலேசிய அரசின் முதலீட்டு நிதியான 1எம்டிபியிலிருந்து 4.5 பில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் கையாடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை கூறியது. அந்த அளவுக்கான ஆசையை எந்தச் சம்பளம் அடக்கும்? விசாரணை சூடுபிடித்திருந்த 2015 ஜூலையில் அரசாங்கத் தலைமை வழக்கறிஞரே பதவியிலிருந்து மாற்றப்பட்டார். சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 22ஜி பிரிவோ, பிரதமர் மறுத்தாலும் அதிபரின் இசைவோடு புலனாய்வுப் பிரிவின் இயக்குநர் விசாரணையைத் தொடர வழிசெய்கிறது. இரு நாடுகளுக்கும் இடையிலான மெய்யான வேறுபாடு இத்தகைய ஏற்பாடுகளில்தான் இருக்கிறது.

உயர் சம்பளம் அரண் ஆகாது என்பதற்கு நம் வீட்டிலேயே சான்று உண்டு. முன்னாள் அமைச்சர் எஸ். ஈஸ்வரன், பதவியில் இருந்தபடி விலைமதிப்புள்ள பொருள்களைப் பெற்றதற்காகவும் நீதிக்கு இடையூறு செய்ததற்காகவும் 2024 அக்டோபரில் 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அரசுத் தரப்பு கேட்டது ஆறு முதல் ஏழு மாதம். நீதிபதி அதைவிடக் கூடுதலாகவே விதித்தார். மில்லியன் வெள்ளிச் சம்பளம் அந்தத் தவற்றைத் தடுக்கவில்லை, சட்டமே அதைத் தண்டித்தது.

சம்பளத்தைப் பேசும்போது வருமான ஏற்றத்தாழ்வும் கூடவே வரும்; அதை ஒப்பிடும்போது மிகுந்த கவனம் தேவை. ஏற்றத்தாழ்வை 0 முதல் 1 வரை அளப்பது ஜினி குறியீடு; எண் கூடினால் ஏற்றத்தாழ்வும் கூடுதல். 2024இல் சிங்கப்பூரின் ஜினி குறியீடு 0.435, வரிகளையும் அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 0.364. மலேசியாவில் 2022இல் 0.404. இந்தோனேசியாவில் 2024 மார்ச்சில் 0.379. ஆனால் இந்தோனேசியா அளப்பது குடும்பச் செலவை, வருமானத்தை அல்ல. சிங்கப்பூரின் முதல் எண்ணோ வேலை செய்வோர் உள்ள உள்ளூர்க் குடும்பங்களின் வேலை வருமானத்தை மட்டுமே அளக்கிறது, நம் கட்டடங்களை எழுப்பும் வெளிநாட்டு ஊழியர்கள் அதில் வரமாட்டார்கள். எனவே இந்த எண்களை வரிசைப்படுத்தித் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

சம்பளம் எவ்வளவு என்பதோடு அது எந்த வடிவில் தரப்படுகிறது என்பதும் மக்களின் நம்பிக்கையைத் தீர்மானிக்கிறது. 2025 ஆகஸ்டில் ஜக்கார்த்தா கொந்தளித்ததற்கு, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மாதம் 50 மில்லியன் ரூப்பியா வீட்டுப்படி தரப்பட்டது ஒரு முக்கியக் காரணம். அது அந்நகரின் குறைந்தபட்ச மாத ஊதியத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. சலுகைகளைத் தனியே ஒளித்துவைக்காமல் எல்லாவற்றையும் ஒரே தொகையாக அறிவிக்கும் சிங்கப்பூர் முறை இந்த ஒரு விஷயத்தில் தெளிவாக மேலானது, அண்டை நாடுகள் எடுத்துக்கொள்ளத் தக்கது. அதே நேரத்தில், நம் அமைச்சர்களின் அடிப்படை அளவுகோல் உச்சியில் உள்ள 1,000 பேரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகக் குறைந்த வருமானமுள்ள 20 விழுக்காட்டினரின் வருமான வளர்ச்சி, அமைச்சர்களுக்கான தேசிய போனசைக் கணக்கிடும் நான்கு அளவுகோல்களுள் ஒன்றாக மட்டுமே இடம்பெறுகிறது. சம்பளத்தை அடுத்த முறை மறுஆய்வு செய்யும் குழு, துப்புரவாளரும் பாதுகாவலரும் அடங்கிய அந்தப் பிரிவினரின் முன்னேற்றத்துக்கு இதைவிடக் கூடுதல் எடை தர வேண்டும்.